பீட்டா நானூறு

பொருள்களோடு பழகும் விதத்தை வைத்து மனிதகுலத்தை மூன்றாகப் பிரித்துவிடலாம். வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் ஒரு வகை. வாங்கியதைத் துடைத்துத் துடைத்து அலமாரியில் பூட்டி வைப்பவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகைதான் நமக்கு இன்று வேண்டிய சரக்கு: பொருள் எப்போது கெட்டுப்போகும் என்று ஆவலோடு காத்திருப்பவர்கள். கெட்டுப்போனால் கைதட்டுவார்கள். கெட மாட்டேன் என்று அது அடம்பிடித்தால், கம்ப்யூட்டருக்குள் அதே பொருளை லட்சக்கணக்கில் தாமே படைத்து, அத்தனையையும் தாமே சாகடித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஐயோ, இவையெல்லாம் எப்படிச் செத்தன?" என்று ஆராய்ச்சியில் இறங்கிவிடுவார்கள்.

இந்த இனத்துக்கு வளைகோட்டார் என்று பெயர். பெயர் வைத்தது நாமல்ல. ஒரு மின்விசிறித் தொழிற்சாலையின் கேன்டீன். ஊரே கிராஃப் என்று சொல்லும்போது, வாய் நிறைய "வளைகோடு" என்று சொல்லிக்கொண்டு அங்கே ஒருவர் திரிந்தார். டீ ஆறிப்போவதைக்கூட வளைகோடாகப் போட்டுக் காட்டினால் கேன்டீன் வேறு என்னதான் செய்யும்?

நீங்கள் இவரைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் பல்பு அணைந்துபோனால் நாமெல்லாம் புது பல்பைத் தேடுவோம். இவர் பென்சிலைத் தேடுவார். "இது எப்ப மாட்டினது? யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று இருட்டிலிருந்து குரல் வரும். நடுத்தெருவில் செருப்பு வார் அறுந்தால் நமக்கு அவமானம், இவருக்கு அறிவு. அறுந்த செருப்பை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒதுங்கி நடக்கும்படி, "பிறவிக் கோளாறு இல்ல, சுத்தமான தேய்மானம்!" என்று பூரித்துப்போவார். தூரத்து மாமா ஒருவர் காலமான வீட்டுக்குப் போனபோது எல்லாரையும் போல இவரும் "எப்படிப் போனாரு?" என்றுதான் கேட்டார். அதில் குற்றமில்லை. பதிலைக் கேட்டுவிட்டு, "அப்போ மாமா ரெண்டாவது கூட்டம்" என்று திருப்தியாகத் தலையாட்டினாரே, அங்கேதான் மனைவி முழங்கையைக் கிள்ளி அவரை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

அதென்ன கூட்டம்? அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். வளைகோட்டாரின் வேதம் இதுதான். பொருள்கள் எல்லாம் ஒரே மாதிரி சாவதில்லை. சில பிறக்கும்போதே கோளாறோடு பிறந்து, கடையிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் மண்டையைப் போட்டுவிடும். சில, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே விதி முடிந்து சட்டென்று போய்விடும். மிச்சமெல்லாம் தேய்ந்து, இளைத்து, இருமி, கிழமாகிப் போகும். ஒவ்வொரு கூட்டத்தின் சாவுக்கும் ஒரு கோடு வரையலாம். அதற்கு வெய்புல் வளைகோடு என்று பெயர். அந்தக் கோட்டின் குணத்தைச் சொல்கிற எண் பீட்டா. பீட்டா ஒன்றுக்குக் கீழே என்றால் பிறவிக் கோளாறு. ஒன்று என்றால் தலையெழுத்து. ஒன்றுக்கு மேலே போகப் போக மூப்பு. எண் எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு எல்லாம் சேர்ந்தாற்போலச் சாகும். நிஜத்தில் எல்லாக் கூட்டமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும் அல்லவா? அதைப் பிரித்து, இது இந்தக் கூட்டம், அது அந்தக் கூட்டம் என்று கண்டுபிடிப்பதற்குக் கலவை வெய்புல் என்று பெயர். அவ்வளவுதான். இதற்குமேல் விளக்கம் வேண்டுமென்று வளைகோட்டாரிடமே கேட்டீர்களானால் உங்கள் பஸ் போய்விடும்.

கலவையைப் பிரிக்க ஏராளமான சாவு வேண்டும். நிஜப் பொருள்களோ அவசரம் புரியாதவை. அதற்குத்தான் கம்ப்யூட்டர். "முப்பது சதவீதம் பிறவிக் கோளாறு, எழுபது சதவீதம் மூப்பு" என்று காலையில் இவரே கட்டளையிடுவார். கம்ப்யூட்டர் பத்தாயிரம் பொய் விசிறிகளைப் பெற்று, வளர்த்து, புதைத்து, சாவுக் கணக்கை நீட்டும். மத்தியானம் அந்தக் கணக்கை முன்பின் பார்த்திராதவர் போல இவரே வாங்கி, நெற்றியைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, கலவையைப் பிரிப்பார். விடை வந்ததும் நாற்காலி ஒரு பக்கம் உருள, தாழ்வாரத்துக்கு ஓடி வருவார்.

"முப்பது! அப்படியே முப்பது வந்திருக்கு!"

"யாரு சார் போட்டது முப்பது?" என்பார் அந்தப் பக்கமாக வரும் ஸ்டோர்காரர்.

"நான்தான் போட்டேன்."

"யாரு எடுத்தது?"

"நான்தான் எடுத்தேன்!"

"அப்புறம் என்ன சார்?"

"அதான்யா அழகே!"

தானே ஒளிந்துகொண்டு, தானே தேடி, கட்டிலுக்கு அடியில் தன்னையே கையும் களவுமாகப் பிடித்து "அவுட்டு!" என்று கத்தும் கண்ணாமூச்சி. நியாயமாகப் பேசினால் இதில் தப்பே இல்லை. தராசு சரியா என்று பார்க்க எடை தெரிந்த கல்லை வைத்துப் பார்ப்பதில்லையா, அது மாதிரிதான் இதுவும். ஆனால் தராசைச் சரிபார்க்க ஆரம்பித்தவர், வந்த சரக்கை மூலையில் தள்ளிவிட்டு நாளெல்லாம் கல்லையே நிறுத்துக்கொண்டிருந்தால்? வாசலில் ஆள் நிற்கிறார் ஐயா, அவருக்கு என்ன பதில்?

வளைகோட்டாரின் வாசலில் நின்றவர் எம்.டி. தொழிற்சாலை ஒரு புது மாடல் விசிறியை இறக்கப் போகிறது. ஐந்து வருஷம் உத்தரவாதம் தரலாமா என்று அவருக்குத் தெரியவேண்டும். அதற்காகப் பன்னிரண்டு விசிறிகளைச் சோதனை அறையின் கூரையில் வரிசைக்கு நாலாக மூன்று வரிசையில் மாட்டினார்கள். விடாமல் முழு வேகத்தில் ஓடவேண்டும், எது எப்போது நிற்கிறது என்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான் வேலை. பார்க்கும் பொறுப்பு வளைகோட்டாருக்கு.

அவர் அறைக்கும் சோதனை அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர்தான். திரும்பினால் விசிறிகள் தெரியும். அதனாலேயே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கண்முன்னால் அவை சுற்றுவது கவனத்தைக் கலைக்கிறதாம். ஒவ்வொரு விசிறியும் எவ்வளவு நேரம் ஓடியது என்று ஒயர் வழியாகத் திரைக்கே எண்ணாக வந்துவிடும்போது, கழுத்தை வீணாகத் திருப்புவானேன்? அறைக்குப் பூட்டும் போட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். கண்டவரும் உள்ளே போய்த் தொட்டால் தரவு கெட்டுவிடும். அறை மொட்டையாக இருக்கிறதே என்று உள்சுவரில் ஆளுயரப் படம் ஒன்றையும் தம் கையாலேயே ஒட்டினார்: பிறவிக் கோளாறு, தலையெழுத்து, மூப்பு மூன்றையும் ஒரே மூச்சில் காட்டுகிற, குளிக்கும் தொட்டி மாதிரி நடுவில் குழிந்த வளைகோடு. அந்தச் சுவரில் பார்வையாக இருந்த இடம் சுவிட்சு போர்டு இருந்த இடம்தான். இப்போது போர்டு தெரியவில்லை; படம் ஜம்மென்று தெரிந்தது.

பன்னிரண்டு விசிறி எந்த மூலைக்கு? அக்கவுண்ட்ஸில் ஒதுக்கிப்போட்டிருந்த நாலு பழைய கம்ப்யூட்டர்களைத் தள்ளுவண்டியில் வரவழைத்தார். அவை கொதித்தன. கொதிப்பை ஆற்ற ஒரு ஏர்கூலர் வந்தது. இத்தனைக்கும் கரண்டுக்கு எங்கே போவது? அவர் அறையில் இருந்தது ஒரே பிளக் பாயிண்ட். அதில் டீ கெட்டில் நிரந்தரமாகக் குடியிருந்தது. எனவே ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரைக் கதவிடுக்கு வழியாகச் சோதனை அறைக்குள் விட்டு, முதல் வரிசை விசிறிகளுக்குக் கீழே சுவரில் இருந்த பிளக் பாயிண்டில் சொருகினார். நடுவில் கரண்ட் போனால் பொய் விசிறிகள் அநியாயமாகச் செத்துவிடுமே என்று ஒரு யு.பி.எஸ். பெட்டியும் வாங்கி வைத்தார். நிஜ விசிறிகளுக்கு அப்படியெல்லாம் சீராட்டு இல்லை.

வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. நிஜ விசிறிகள் மரியாதை தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்தன. பிறகு ஒருநாள் காலை நாலு கம்ப்யூட்டரையும் ஏர்கூலரையும் ஒன்றாக முடுக்கி, ஒரு லட்சம் பொய் விசிறிகளை அவிழ்த்துவிட்டார். யு.பி.எஸ். "கீ... கீ..." என்று கத்தியது. "பிளக் பாயிண்டு சரியில்ல, எல்லாம் மட்டமான சாமான்" என்று முணுமுணுத்தபடி உள்ளே போய், தலை நிமிராமல், மனசுக்குள் ஓடிய சூத்திரம் சிதறாமல், ஒயரைப் பிடுங்கி இரண்டாவது வரிசைக்குக் கீழே சொருகிவிட்டு வந்தார். தலைக்கு மேலே எட்டு விசிறி போட்ட இரைச்சலில், மற்ற நாலு ஓடவில்லை என்பது அவருக்கு எங்கே உறைக்கப்போகிறது? திரும்பி வந்து திரையைப் பார்த்தார்.

முதல் வரிசையின் நாலு எண்களும் நின்றுபோயிருந்தன. நாலும் ஒரே நாளில். ஒரே மணியில். ஒரே நிமிஷத்தில்!

சாதாரண ஆள் என்ன செய்வான்? எழுந்து போய்ப் பார்ப்பான். இவர் வளைகோடு போட்டார். கோடு சாயவே இல்லை. கொடிக்கம்பம் மாதிரி நெட்டுக்குத்தலாக நின்றது. பீட்டாவைப் பார்த்தார். சாதாரணமாக இரண்டு வரும், மூன்று வரும், ரொம்பப் பிடிவாதமான தேய்மானம் என்றால் ஆறோ ஏழோ வரும். இங்கே வந்திருந்தது நானூறு. அதற்கு மேலும் போகத்தான் பார்த்தது. மென்பொருள்தான் அதற்குமேல் தன்னிடம் எண் இல்லை என்று கையை விரித்துவிட்டது.

வளைகோட்டார் ஆடினார். கெட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று, கெட்டிலை வைத்துவிட்டு இரண்டு சுற்று. தாழ்வாரத்துக்கு ஓடினார்.

"நானூறுய்யா! நானூறு!"

"ஐயையோ, சர்க்கரையா சார்?" என்று பதறிப்போனார் ஸ்டோர்காரர்.

"பீட்டாய்யா, பீட்டா! உலகத்துலயே ஒருத்தனும் பாத்திருக்க மாட்டான்!"

இந்த இடத்தில் அவர் மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மனைவி அதே தொழிற்சாலையில் வைண்டிங் பிரிவின் தலைவி. மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றி, கட்டி, மெருகு போட்டு அனுப்புவது அந்தப் பிரிவு. அதில் பதினாலு பேருக்குப் பிழைப்பு. தொழிற்சாலைக்குள் இவர் மனைவியை "மேடம்" என்பார். மனைவி இவரை "சார்" என்பார். வேலையிடத்தில் உறவு கொண்டாடக் கூடாது என்று இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. வீட்டுக்குள் வந்தால் "என்னங்க". வீட்டுக்குள்ளேயே "சார்" வந்துவிட்டால் அன்றைக்கு வானிலை சரியில்லை என்று பொருள். கேன்டீன் பழக்கத்தில் நாமும் மேடம் என்றே சொல்லிவிடுவோம்.

அன்று சாப்பிட உட்கார்ந்ததும் வளைகோட்டாருக்கு வாய் நிற்கவில்லை.

"நாலும் ஒரே நிமிஷம்! பேரிங் தேஞ்சா ஒண்ணு முன்ன போகும், ஒண்ணு பின்ன போகும். இப்படிக் கைகோத்துக்கிட்டுப் போகாது. அப்போ ஒரே கையில செஞ்ச ஏதோ ஒண்ணு, ஒரே மாதிரி தப்பா இருக்கு. அது என்ன? சொல்லு பாப்போம்! வைண்டிங்!"

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கே உறைத்தது.

மேடம் கரண்டியை வைத்தார். "கழட்டிப் பாத்தீங்களா?"

"இப்பக் கழட்டக் கூடாதும்மா. சோதனை முடியறதுக்குள்ள கை வச்சா டேட்டா கெட்டுடும்."

"சரி, கழட்ட வேணாம். கிட்டப் போயாவது பாத்தீங்களா?"

"எதுக்கு? இங்க உக்காந்தாலே ஸ்க்ரீன்ல தெரியுதே."

"வைண்டிங் தீஞ்சா நாத்தம் குடலைப் புடுங்கும். வந்துச்சா?"

"நாத்தத்துக்கெல்லாம் வளைகோடு கிடையாதும்மா."

"அப்போ என் பிரிவுலதான் குத்தம்னு எழுதப்போறீங்க?"

"நான் எங்க எழுதறேன்? டேட்டா சொல்லுது."

"டேட்டா தானாவே பேசுதுங்களா, சார்?"

சார் வந்துவிட்டது. மகள் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தாள். "அப்பா, மனுஷங்கள்ல நீங்க எந்தக் கூட்டம்ப்பா?"

"பிறவிக் கோளாறு" என்று அம்மாவிடமிருந்து பதில் வந்தது.

அதோடு முடிந்திருந்தால் சின்னச் சண்டை. ஆனால் எம்.டி. காதுக்கு "நானூறு" எட்டிவிட்டது. வைண்டிங்கில் கோளாறு என்று அறிக்கை வந்தால் கட்டி வைத்த மோட்டார் அத்தனையும் பழைய இரும்புக்குப் போகும். பிரிவை மூடிவிட்டு வெளியாளிடம் வேலையைக் கொடுத்துவிடுவார்கள். பதினாலு பேரும் வாசலுக்கு, மேடம் மட்டும் ஸ்டோருக்கு, அட்டைப்பெட்டி எண்ண. இப்படி எம்.டி. வாயாலேயே சொல்லிவிட்டார். மேடம் அன்றிலிருந்து வீட்டில் "சார்" என்றுகூடச் சொல்லவில்லை. "சாப்பாடு இருக்கு" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

இதை நாம் சொல்லித்தான் ஆகவேண்டும். இந்த இனத்துக்கும் நெஞ்சு உண்டு, அதில் ஈரமும் உண்டு, என்ன, அது கொஞ்சம் தாமதமாகத்தான் கசியும். வளைகோட்டார் மனைவியைக் காப்பாற்றிவிடுவது என்று முடிவு கட்டினார். எப்படி? கம்ப்யூட்டரில்தான்! வைண்டிங் சுத்தம், பேரிங்கில் கோளாறு என்று வைத்துக்கொண்டு இரண்டு லட்சம் பொய் விசிறிகளை ஓட்டுவது. நிஜம் மாதிரியே விடை வந்தால் மனைவி தப்பினார். நாலு கம்ப்யூட்டரும் ஏர்கூலரும் ஒன்றாக உறுமின. "கீ... கீ..." இந்தத் தடவையும் பிளக் பாயிண்டைத் திட்டிக்கொண்டே போய், தலை நிமிராமல், ஒயரை மூன்றாவது வரிசைக்குக் கீழே மாற்றிச் சொருகிவிட்டு வந்தார். வந்து பார்த்தால் இரண்டாவது வரிசையும் காலி. நாலும் ஒரே நிமிஷத்தில்!

அவருக்கு அழுகையும் வந்தது, ஆனந்தமும் வந்தது. மனைவி மாட்டிக்கொண்டாரே என்று அழுகை. முன்னால் செத்தது ஒரு கூட்டம், பின்னால் செத்தது இன்னொரு கூட்டம். வாழ்நாளில் முதல் தடவையாக, தான் போடாத, தானாக வந்த, அசல் கலவை வெய்புல் கைக்குக் கிடைத்துவிட்டதே என்று ஆனந்தம். எது அதிகம் என்று கேட்காதீர்கள். அவரே இரண்டையும் பிரிக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்.

ஒரு சமயம், கழுத்தைத் திருப்பாமலே நாற்காலியிலிருந்து எழுந்தார். கதவு வரைக்கும் போனார். சாவியைக்கூட எடுத்துவிட்டார். நாத்தம் வருகிறதா என்று ஒரே ஒரு தடவை... பிறகு தன்னையே கடிந்துகொண்டார். சொந்த மனைவி என்பதற்காக எட்டிப் பார்ப்பது என்ன நேர்மை? பாசம் வேறு, பகுப்பாய்வு வேறு! சாவியை மறுபடி இடுப்பில் சொருகிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். நேர்மைக்காக நாசமாய்ப் போவதில் அவருக்கு ஒரு தனி நிமிர்வு வந்தது.

அறிக்கை தயாராயிற்று. நூற்றெண்பது பக்கம். பைண்டு பண்ணவில்லை, கடைசி நேரத்தில் ஒரு கூட்டம் கூடினாலும் கூடும் என்று தாளாகவே அடுக்கி வைத்திருந்தார். படத்தைக் காட்டி விளக்க வசதியாக, எம்.டி.யையும் மேடத்தையும் ஸ்டோர்காரரையும் சோதனை அறைக்கே அழைத்துப் போனார். உள்ளே மூன்றாவது வரிசை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. தாள்கள் பறக்காமலிருக்க, காற்று வராத இடமாக, செத்துப்போன முதல் வரிசைக்குக் கீழே மேஜையைப் போட்டு அறிக்கையை வைத்தார். எவ்வளவு முன்ஜாக்கிரதை பாருங்கள்.

"சார்," என்று எம்.டி.யைப் பார்த்து ஆரம்பித்தார். "மூணாவது வரிசையும் இதே மாதிரிதான் போகும். அடுத்த மாசக் கடைசின்னு கணக்கு சொல்லுது. ஒரு கோடி விசிறிய ஓட விட்டு உங்க கண்ணு முன்னாடியே காட்டறேன்."

தம் அறைக்கு ஓடினார். விசைப்பலகையில் ஒரு தட்டு. திரும்ப ஓடி வந்து, மூச்சு வாங்க, படத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

படத்துக்குப் பின்னால் "டிக்" என்றது.

மூன்றாவது வரிசை விசிறிகள் தளர்ந்தன. இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்து, இன்னும் ஒரு சுற்று வரலாமா வேண்டாமா என்று யோசித்து, நின்றன. அறை நிசப்தமாயிற்று. வளைகோட்டார் கண்ணாடி வழியாகத் திரையை எட்டிப் பார்த்தார். அந்தரத்தில் துள்ளினார்.

"போயிடுச்சு! மூணாவது கூட்டமும் போயிடுச்சு! நாலும் ஒண்ணா! அடுத்த மாசம்னு பாத்தா அதுக்கும் முன்னாடியே, நேரா உங்க முன்னாடியே!"

எம்.டி. முகம் கறுத்தது. "அப்போ பன்னெண்டும் போச்சு. இனிமே பேச என்ன இருக்கு? வைண்டிங்க மூடிட வேண்டியதுதான். மேடம், உங்க ஆளுங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க."

மேடம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். கம்பி சுற்றிப் பழகிய விரல்கள். துள்ளிக்கொண்டிருந்த வளைகோட்டாரின் கண் அந்த விரல்களில் போய் நின்றது. கால் தரைக்கு வந்தது. நானூறாவது, கலவையாவது! கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த விரல்கள் இப்படித் தடுமாறி அவர் பார்த்ததில்லை. அந்த அறைக்கு வந்த நாளாக முதல் தடவை, அவர் திரையையும் தாளையும் விட்டுவிட்டு அண்ணாந்து விசிறியைப் பார்த்தார்.

பார்த்தவர் சும்மா இருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஒரு மோட்டாரைக் கட்டிப்பிடித்து, மூக்கை வைத்து முகர்ந்தார். இறங்கினார், அடுத்ததற்குப் போனார், ஏறினார், முகர்ந்தார். எம்.டி. ஸ்டோர்காரரைப் பார்த்தார், ஸ்டோர்காரர் கூரையைப் பார்த்தார்.

"நாத்தம் வரலையே!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "மேடம், ஒண்ணுலயும் நாத்தமே வரலையே! எண்ணெய் வாசனைதான் வருது!"

மேடம் நிமிர்ந்தார். அந்த நிசப்தத்தில் பக்கத்து அறையிலிருந்து "கீ... கீ..." என்பது தெளிவாகக் கேட்டது.

"அது என்ன சார் கத்துது?"

"யு.பி.எஸ். மேடம். இங்க எந்த பிளக் பாயிண்டும் சரியில்ல. கம்ப்யூட்டரெல்லாம் ஒண்ணா போட்டா போயிடுது."

"உங்க ஒயர் இப்ப எங்க சொருகியிருக்கு?"

நாற்காலி மேல் நின்றபடியே விரலை நீட்டினார். "அதோ." எல்லாரும் பார்த்தார்கள். மூன்றாவது வரிசைக்குக் கீழே.

"அதுக்கு முன்னாடி?"

"அங்க." இரண்டாவது வரிசைக்குக் கீழே.

"அதுக்கும் முன்னாடி?"

விரல் பாதி வழி போயிற்று. நின்றது. பிறகு, தன்னுடைய விரல் இல்லை என்பது போல மெல்ல முதல் வரிசைக்குக் கீழே போய்ச் சேர்ந்தது.

"இந்த ரூமோட சுவிட்சு போர்டு எங்க இருக்கு சார்?"

வளைகோட்டார் படத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை போதும். மேடம் போய் மேல்மூலையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். பிறவிக் கோளாறும் தலையெழுத்தும் மூப்பும் சரசரவென்று கிழிந்து கீழே விழுந்தன. பின்னால், பாரம் கூடினால் தானே விழுந்து அந்த வரிசைக்கே கரண்டை நிறுத்துகிற, வரிசைக்கு ஒன்றான மூன்று டிரிப் சுவிட்சுகள், திட்டு வாங்கின பிள்ளைகள் மாதிரி வரிசையாகத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தன.

முதல் சுவிட்சில் கையை வைத்த மேடம் திரும்பிப் பார்த்து அலறினார். "ஐயோ, என்னங்க! முதல்ல கீழ இறங்குங்க! இறக்கை தலைய சீவிடும்!"

தொழிற்சாலைக்குள் முதல் "என்னங்க"! வளைகோட்டார் பொத்தென்று குதித்தார். மேடம் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று சுவிட்சுகளைத் தூக்கினார்.

பன்னிரண்டு விசிறிகளும் ஒன்றாகக் கிளம்பின. காற்றென்றால் அப்படியொரு காற்று! முதல் வரிசைக்குக் கீழே பத்திரமாக வைத்த நூற்றெண்பது பக்கமும் எழுந்து, அறை முழுக்கச் சிறகடித்து, கூரையில் மோதி, இறக்கையில் அடிபட்டு, மறுபடி பறந்தது. முன்னுரை ஸ்டோர்காரர் முதுகில் ஒட்டிக்கொண்டது. முடிவுரை எம்.டி. முகத்தில் போய் அப்பியது. அதை உரித்தெடுத்த எம்.டி., "இதுல என்ன போட்டிருக்கு... 'வைண்டிங் பிரிவே முழுக் காரணம்'..." என்று காற்றுக்கு மேல் கத்திப் படித்துவிட்டு, சுற்றுகிற பன்னிரண்டையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். ஸ்டோர்காரர் அதற்கு முன்பே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேடத்துக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. தலைப்பு கொடி மாதிரி பறக்க, கணவரின் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினார்.

"அப்போ உங்க முதல் கூட்டம், ரெண்டாவது கூட்டம், நானூறு, எல்லாமே யாரு?"

"நான்தான்!" என்று கத்தினார் வளைகோட்டார். அவமானத்தில் உச்சந்தலை வரைக்கும் சிவந்திருந்தார். ஆனாலும் மனைவி தப்பிவிட்டார் என்ற சந்தோஷத்தில் வாய் காது வரைக்கும் போயிருந்தது. அப்படி நின்றவரின் கண்ணில், கடவுளே, மறுபடி அந்தப் பழைய ஒளி வந்தது. "ஆனா ஒண்ணு பாத்தியா? செத்தது எழுந்து திரும்ப ஓடினா அதுக்கு எந்த வளைகோடு? இதுவரைக்கும் யாருமே..."

"சாவியக் குடுங்க" என்றார் மேடம்.

கொடுத்துவிட்டார். இப்போது அந்தச் சாவி வைண்டிங் பிரிவில், ஆணியில் தொங்குகிறது. பதினாலு பேரும் தங்கள் இடத்தில் கம்பி சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். வளைகோட்டாரின் நாற்காலி கண்ணாடிச் சுவரைப் பார்த்துத் தரையோடு திருகப்பட்டிருக்கிறது, மேடம் உத்தரவு. வீட்டில் "என்னங்க" திரும்பிவிட்டது. கேன்டீனில் மட்டும், யாராவது ஒருவர் தன் தப்புக்குத் தானே வியந்துபோனால், "என்னய்யா, நானூறா?" என்று கேட்கிறார்கள்.

சிரித்தீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நேற்றுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, உங்கள் மச்சினர் சொல்லவே சொல்லாத ஒரு வார்த்தையை அவர் வாயில் நீங்களே போட்டு, அதற்குச் சுடச்சுட நீங்களே ஒரு பதிலும் கொடுத்து, அவர் வாயடைத்து நிற்க, "எனக்குத் தெரியும், அவரு அப்படித்தான்" என்று துண்டைக் கட்டிக்கொண்டு ஜெயித்த முகத்தோடு வெளியே வந்தீர்களே, அப்போதும் இப்படிச் சிரித்தீர்களா? போட்டது யார்? எடுத்தது யார்? அன்று பூராவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தீர்கள். அந்த மனுஷர் பாவம், என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் தலைப்பை விரலில் சுற்றாத குறையாக நின்றுகொண்டிருந்தார்.

ஒன்றும் பெரிய காரியம் இல்லை. எழுந்து, அவர் இருக்கிற அறை வரைக்கும் போய், ஒரே ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்.

என்ன சொன்னீர்கள்? எதற்குப் போகவேண்டும், இங்கே உட்கார்ந்தாலே தெரிகிறதா?

வணக்கம், வளைகோட்டாரே.